மீன்தொட்டி ஸ்டாண்டின் உள்பக்கம்

பிரவீன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் சர்ச்சிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, பாப்பாவுக்குத் தொட்டில் நீங்களே ஏற்பாடு பண்ணிடுங்க. மாமாகிட்ட சொல்ல வேணாம். அவரு வேலையத்தான் பார்த்தாச்சே" என்றாய். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருஷமாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். போனை வைத்துவிட்டு இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். "என்ன, இன்னிக்கு ஒரே சந்தோஷம்?" என்று உன் அம்மா கேட்டாள். "என் பையன் என்னைத்தான்டி கேட்டான்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நம்ம சம்பந்தி தொட்டிலுக்குன்னு தேக்குப் பலகை எடுத்து வெச்சிருந்தாராம். மருமக நான்சி சொன்னா. இப்ப அதை வேற யாருக்கோ அறுத்துக் குடுத்துட்டாராம்" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த இரண்டு இட்லியும் சாயங்காலம் வரை நெஞ்சிலேயே நின்றன.

இதை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. இரண்டு வீட்டாரும் இருக்கிற நம் குடும்பக் குரூப்பிலேயே போடுகிறேன். ஏன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும். பெரியவர்கள், சின்னவர்கள், சிங்கப்பூரில் இருக்கிற உன் சித்தி எல்லாரும் படிக்கட்டும். எட்டாம் வகுப்புக்கு முப்பது வருஷம் கணக்கு எடுத்தவன் நான். எந்தப் பையன் விடையை மட்டும் எழுதிவிட்டு வழிமுறையை எழுதாமல் விட்டானோ, அவனை எழுப்பி நிற்கவைத்துக் கேட்பேன். இப்போது நான் எழுந்து நிற்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. கொஞ்ச நஞ்சம் இல்லை, வயிறெல்லாம் எரிகிற பொறாமை. படப்பையில் மரப்பட்டறை வைத்திருக்கிற அருளப்பன் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவர் இல்லை. பெண் பார்க்கப் போன அன்று, "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், பெண்ணைக் குடுத்தாப் போதும்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவரும் மரியாதையாகத் தலையாட்டினார். ஆனால் நீ சாப்பிடும்போது பேச்சுவாக்கில் உன் மீன் பைத்தியத்தைச் சொல்லிவிட்டாய். அதைக் காதில் போட்டுக்கொண்ட மனுஷன், கல்யாணம் முடிந்த ஆறாவது மாதம் கட்டில், பீரோ எதுவும் இல்லாமல் நாலடி மீன்தொட்டிக்கு அலமாரி மாதிரிக் கதவு வைத்த ஒரு ஸ்டாண்டைச் செய்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். இதைச் சீர் என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியுமா? முடியாது. மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்து செய்தது. எனக்கு எங்கே அடி விழுந்தது என்று உனக்குப் புரிகிறதா? உனக்கு மீனைக் காட்டியவனே நான்தானடா.

நீ மூன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உன்னை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் குரோம்பேட்டை மீன் கடைக்குக் கூட்டிப்போவேன். பாலிதீன் கவரில் நான்கு கப்பி மீன்களை வாங்கிக்கொண்டு, அதை நீ மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் "அப்பா மெதுவா, அப்பா மெதுவா" என்று கத்திக்கொண்டு வருவாய். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டுத்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான். மீன் செத்தால் கொய்யா மரத்தடியில் குழி தோண்டியவன் நான். அப்போதெல்லாம் உனக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவாய். கல்யாணத்துக்குப் பிறகு, சிறுசேரியில் பிளாட் வாங்கி, பெரிய தொட்டி வைக்கலாம் என்று முடிவு செய்தாயே, அந்தத் தொட்டியின் எடை எவ்வளவு வரும், ஸ்டாண்டு தாங்குமா என்று யாரிடம் கேட்டாய்? கணக்கு வாத்தியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் எதிரிலேயே, "மாமா, தண்ணி முந்நூறு லிட்டர் வரும், தாங்குமா மாமா?" என்று ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாய். அந்தப் பக்கம் அவர், "இன்னா மாப்ளே இப்டி கேட்டுட்டீங்க? மேல நீங்களும் ஏறி நிக்கலாம், தாங்கும்" என்கிறார். நீ சிரிக்கிறாய். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

இந்த வியாதி எனக்குப் புதிது இல்லை. பத்தாம் வகுப்பில் கீழ்க்கட்டளையில் ஒரு மாஸ்டரிடம் சயின்ஸ் டியூஷன் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? அரைப் பரீட்சைக்கு முன்னால் திடீரென்று நிறுத்திவிட்டேன். அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தால் உடம்பு கெட்டுவிடும் என்று சொன்னேன். உடம்பும் இல்லை, தூரமும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் நீ மூன்று நாள் தொடர்ந்து அந்த மாஸ்டர் புராணமே பாடினாய். அவ்வளவுதான். அந்த வருஷம் சயின்ஸில் உனக்கு மார்க் குறைந்தது. "கவனம் போதலை" என்று உன்னையே திட்டினேன். அதற்கும் சேர்த்து இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, ஸ்டாண்டுக்கு வருகிறேன். உன் பிளாட்டில் அப்போது டைல்ஸ் வேலை முடியவில்லை. அதனால் குட்டி யானை வண்டியில் ஏற்றி நம் சேலையூர் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஹாலில் இறக்கினார் அருளப்பன். வெளிப்பக்கம் பாலிஷ் போட்டு மினுமினு என்று இருந்தது. தெருவில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். உள்ளே மட்டும் ஒன்றும் அடிக்காமல் வெறும் மரமாக விட்டிருந்தார். ஃபில்டரும் டியூபும் உட்காரப்போகிற இடம், எந்த நேரமும் ஈரம் படும், அதற்கு நீயே உனக்குப் பிடித்த கலரில் அடித்துக்கொள்வாய் என்று விட்டுவைத்தாராம். உனக்கோ ஆபீஸில் மூச்சுவிட நேரம் இல்லை. நான் பாய்ந்து வாங்கிக்கொண்டேன். "நான் அடிக்கிறேன்டா. ரிட்டயர் ஆனவனுக்கு வேற என்ன வேலை?" என்றேன். உதவிசெய்கிற அப்பா மாதிரி சொன்னேன். மனதுக்குள் ஓடியது வேறு. வெளியே அவர் கை என்றால் உள்ளேயாவது என் கை இருக்கட்டும்.

அருளப்பன், மரத்துக்குள் ஈரம் ஏறாமல் அடைக்கிற சீலர் டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை என் கையில் கொடுத்துப் பாடம் எடுத்தார். "சார், பலகை மேல அடிக்கிறது பெரிசு இல்ல. பிளைவுட்டை வெட்டின வாய் கீது பாருங்க, டியூபு போறதுக்குப் பின்னால ஓட்டை போட்டு வெச்சிருக்கேனே, அந்த வட்டம், அப்புறம் அடிப்பலகை ஓரம். அதான் தண்ணி குடிக்கும். அங்கதான் மொதல்ல சீலர். மூணு கோட்டு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நாள் காயணும், மழையா இருந்தா ரெண்டு நாள். நடுவுல லேசா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக்குங்க. மூலையெல்லாம் சிலிக்கான் பசை இழுத்துட்டு, அப்புறமாத்தான் பெயிண்டு." நான் "சரி, சரி" என்றேன். எனக்கே பாடமா? இந்த மனுஷன் எனக்கு மூன்று கோட்டு என்று எண்ணிக் காட்டுகிறாரா? அந்த எரிச்சலில் அவர் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை, ஏறிய பாதியையும் செய்யக் கூடாது என்றே இருந்தது.

அது கார்த்திகை மாசம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நீயும் அவரும் பார்க்க வருகிறீர்கள் என்று வியாழக்கிழமை தெரிந்தது. மூன்று கோட்டு அடித்துக் காயவைத்தால் ஞாயிற்றுக்கிழமை வெறும் பழுப்பு மரத்தைத்தான் காட்ட முடியும். எனக்கோ நீங்கள் வரும்போது உள்ளே பளீரென்று வெள்ளையாக இருக்க வேண்டும், நீ வாயைப் பிளக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் ஒரே ஒரு கோட்டு சீலர். கை வைத்தால் பிசுபிசுத்தது. சாயங்காலமே அதன்மேல் எனாமல் பெயிண்டை அடித்தேன். சனிக்கிழமை இன்னொரு கோட்டு. பின்பக்கத்து ஓட்டைகளுக்குள் பிரஷ் விட வேண்டும் என்றால் தரையில் படுத்துத் தலையை உள்ளே நுழைக்க வேண்டும். ஒரு தடவை படுத்துப் பார்த்தேன், கழுத்து பிடித்துக்கொண்டது. சுவரைப் பார்க்கிற பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். சிலிக்கான் டியூபைத் திறக்கவே இல்லை. அது இன்னமும் நம் வீட்டுப் பரணில் இருக்கிறது, வேண்டுமானால் உன் அம்மாவைக் கேட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். நீ கதவைத் திறந்து பார்த்து, "ப்பா, சூப்பர்ப்பா!" என்றாய். அந்த ஒரு நிமிஷம் நான் ராஜா. அடுத்த நிமிஷமே தலையைத் திருப்பி, "மாமா, ஓகேவா?" என்று கேட்டாய் பார். என் வேலைக்கு அவர் சர்டிபிகேட் தர வேண்டும்! அவர் விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, "சார் சூப்பரா அடிச்சிருக்காரு. பத்து நாள் கதவைத் தொறந்தே வையுங்க மாப்ளே, காத்தாடட்டும்" என்றார். "அப்பா, மூணு கோட்டு சீலர் அடிச்சீங்கல்ல?" என்று நீ கேட்டாய். "அடிச்சேன்டா, மூணும் அடிச்சேன்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். எல்லாருமாகச் சேர்ந்து பிரியாணி சாப்பிட்டோம்.

மிச்சக் கதை உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்த கதைதான் தப்பு. ஏழு மாசத்தில் ஃபில்டர் டியூபிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. ஒரு சொட்டுக் கசிவுக்கெல்லாம் நல்ல மரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த வெட்டுவாய் எல்லாம் திறந்து கிடந்தது, குடித்தது. அடிப்பலகை உப்பி, கதவு மூட முடியாமல் போய், பெயிண்ட் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கம் இரண்டு விரற்கடை ஏறி நிற்பதைப் பார்த்து நான்சிதான் கூச்சல் போட்டாள். மீனை எல்லாம் பக்கெட்டில் மாற்றினீர்கள். நீ ஆசையாக வளர்த்த பெரிய ஏஞ்சல் மீன் இரண்டும் பக்கெட்டிலேயே செத்துப்போயின. அந்தக் கோபத்தில், உப்பிய பலகையைப் படம் பிடித்து இதே குரூப்பில் போட்டாய். "மாமனார் வீட்டு மரம். ஏழே மாசம்!" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை நாலு. உன் அம்மா படித்துவிட்டு, "ஆனைக்கும் அடி சறுக்கும், பாவம். குரூப்லயா போடறது இதை?" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் படத்துக்குக் கீழே கட்டைவிரல் போட்டேன். முதல் ஆளாகப் போட்டேன். பழைய மெசேஜ் எல்லாம் அழியாமல் இருக்கும், மேலே போய்ப் பார்.

அருளப்பன் அதற்கு ஒரே வரிதான் எழுதினார். "தவறு என்னுடையது மாப்பிள்ளை. மாற்றித் தருகிறேன்." சனிக்கிழமை அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, தாம்பரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி நானும் வந்தேனே. உதவிக்கு வந்தேன் என்று நீ நினைத்தாய். வேடிக்கை பார்க்க வந்தேனடா. அவர் தரையில் மல்லாந்து படுத்து, செல்போன் லைட்டை அடித்துக்கொண்டு தலையை ஸ்டாண்டுக்குள் விட்டார். நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். தோல் மாதிரி உரிந்து வந்தது. பின்னாலிருந்த ஓட்டையில் கட்டைவிரலை விட்டு வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றினார். ரொம்ப நேரம் அப்படியே கிடந்தார். தொழில்காரனுக்கு இது எழுதிவைத்த மாதிரி தெரியாதா? இதோ எழுந்து வந்து சொல்லப்போகிறார், என் மானம் போகப்போகிறது என்று டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து, கையை உதறி, என்னை ஒரு தடவை நேராகப் பார்த்தார். பிறகு உன் பக்கம் திரும்பினார். "மரம் சரி இல்ல மாப்ளே. கடைக்காரன் ஏமாத்திட்டான். நான் பார்த்து வாங்கியிருக்கணும்" என்றார்.

"இத்தனை வருஷமா இதே தொழில்ல இருக்கீங்க. ஒரு பிளைவுட் பார்த்து வாங்கத் தெரியாதா மாமா?" என்று நீ கேட்டாய். நான்சி எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை டமார் டமார் என்று வைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தார். நான் டீயைக் குடித்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அந்த டீ ருசியாக இருந்தது. அடுத்த வாரம் முழுக்கப் படப்பைக்கும் சிறுசேரிக்கும் அலைந்து, புதுப் பலகை போட்டு, தானே மூன்று கோட்டு சீலர் அடித்து, மூலைக்கு மூலை சிலிக்கான் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். இன்று வரை ஒரு சொட்டு இறங்கவில்லை. அதற்கு நீ ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ அவருக்கு போன் செய்வதை விட்டாய். கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் எல்லார் எதிரிலும், "மாமா குடுத்தா வாங்காதீங்க, ஏழு மாசம்தான் கேரண்டி" என்று கிண்டல் செய்தாய். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், சத்தமாகவே சிரித்தேன். இப்போது நான்சிக்கு ஏழாம் மாதம். அடுத்த மாதம் அவளைப் பிரசவத்துக்குப் படப்பைக்கு அழைத்துப் போகிறார்கள். நீ அங்கே தலையைக் காட்டிவிட்டு அரை மணியில் கிளம்பிவிடுவேன் என்கிறாயாம். குழந்தை பிறந்தால்கூட ஆஸ்பத்திரிக்கு மட்டும் வருவேன், அந்த வீட்டில் தங்கமாட்டேன் என்கிறாயாம். அழுதுகொண்டே உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஆக, நான் சீலர் அடிக்காமல் விட்டது மரத்தோடு நிற்கவில்லை, உன் குடித்தனம் வரைக்கும் ஊறிக்கொண்டு போகிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் படப்பைக்குப் போனேன். கடைத்தெருவுக்குப் பின்னால் அவர் பட்டறை. காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு ஏதோ அளந்துகொண்டிருந்தார். "வாங்க சார், வாங்க! இன்னா இவ்ளோ தூரம்?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கோட்டுதான் அடித்தேன், காயவிடவில்லை, ஓட்டையைத் தொடவே இல்லை, உங்கள் மேல் இருந்த பொறாமையில் செய்தேன், பொய் சொன்னேன் என்று எல்லாவற்றையும். அவர் அளவு டேப்பைச் சுருட்டிவிட்டு, "தெரியும் சார்" என்றார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே? அவன் உங்களை அவ்வளவு பேசினானே!"

"இன்னா சார் சொல்றது? என்னைத் திட்டினா நான் மாமனாரு, வெளியாளு, தொடைச்சுக்கினு போய்டுவேன். உங்களைப் புள்ளை கைநீட்டிப் பேசறதை நான் நின்னு பார்க்க முடியுமா? எனக்கும்தான் ஒரு பையன் கீறான்." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஆனா ஒண்ணு சார். பெயிண்டு சரியா அடிக்காதது எனக்கு ஒண்ணும் இல்ல, அது உங்க தொழில் இல்ல. குரூப்புல அந்தக் கட்டைவிரலைப் போட்டீங்களே, அது உங்களுக்குத் தெரிஞ்சே போட்டது. அதான் சார் வலிச்சுது. எம் பொண்டாட்டி ரெண்டு நாள் சாப்பிடல."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. டீ மட்டும் வரவழைத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு பஸ் ஏறினேன். வண்டலூர் வரும்வரை என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் தெரியுமா? இதிலும் இந்த மனுஷன் என்னை ஜெயித்துவிட்டாரே என்றுதான். மரத்தில் ஜெயித்தார், சரி. உன் எதிரில் என் தலை குனியக் கூடாது என்று தன் தலையைக் கொடுத்தாரே, அந்த மனசு எனக்கு ஏன் வரவில்லை? ஒரு அப்பா மகனுக்காகச் செய்ய வேண்டியதை, அவர் உன் அப்பாவுக்காகச் செய்துவிட்டார். அறுபத்தைந்து வயசுக்கு மேல் இந்தப் பொறாமை என்னை விட்டுப் போகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அது இருக்கட்டும், அதன் பேச்சை இனிமேல் கேட்கமாட்டேன் என்று மட்டும் சொல்ல முடியும்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இன்று இல்லை. ஆனாலும் வாத்தியார் வாய் சும்மா இருக்காது. நாளைக்கு உன் பிள்ளை உன்னைவிட யாரோ ஒரு டீச்சரையோ தன் மாமனாரையோ தூக்கிவைத்துப் பேசும். அன்றைக்கு உனக்கும் வயிறு எரியும், நீ என் ரத்தம்தானே. எரிந்தால் எரியட்டும், வாயைத் திறந்து "எனக்குப் பொறாமையா இருக்குடா" என்று சொல்லிவிடு. பிள்ளை சிரிக்கும், அவ்வளவுதான். நான் சொல்லாமல் மூடி மூடி வைத்து, மேலே வெள்ளை அடித்தேன்.

நீ கேட்ட தொட்டிலை நான் ஏற்பாடு செய்யப்போவதில்லை. உன் பிள்ளை அவர் இழைத்த மரத்தில் படுத்துத் தூங்கட்டும். அந்தத் தேக்குப் பலகை போய்விட்டது, இன்னொன்று எடுக்கச் சொல், நீயே போய் எடுத்துக்கொடு. படப்பையில் அரை மணி இல்லை, அவர்கள் போ என்று சொல்கிற வரைக்கும் இரு.

இதைப் படித்து முடித்ததும் உனக்குக் கோபம் கோபமாக வரும். உடனே எனக்கு போன் போட்டு நறுக்கென்று நாலு கேள்வி கேட்கத் தோன்றும். கேட்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு இப்போது போடாதே, முதலில் அவருக்குப் போடு. அவரிடம் பேச வேண்டியதை எல்லாம் பேசி முடி, எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். பிறகு எனக்குப் போடு. நான் இரண்டாவதாகக் காத்திருக்கிறேன்.

அப்பா